தனிப்பயிற்சிக் கட்டணத்தைக் 'கொள்ளை' என்று எழுதியவர்களுக்கு

நம் டைவிங் மன்றத்தின் நிர்வாகக் குழுவினருக்கு,

கடந்த வாரம் நீங்கள் எல்லா உறுப்பினர்களுக்கும் அனுப்பிய சுற்றறிக்கையைப் படித்தேன். புதுச்சேரியில் நாம் ஆறு ஆண்டுகளாகச் சென்றுவரும் டைவிங் மையத்தில் இனிப் பயிற்சிக்கு யாரையும் சேர்ப்பதில்லை என்று முடிவெடுத்திருக்கிறீர்கள். புதிதாகச் சேர்ந்த 22 பேருக்கும் அடிப்படை ஸ்கூபா (காற்றுச் சிலிண்டரோடு கடலில் மூழ்கும்) பயிற்சியை வெளிநாட்டில் ஒரு மலிவுத் தொகுப்பில் முடித்துவிட்டு, ஊர் திரும்பிய பிறகு இங்கே படகையும் சிலிண்டரையும் மட்டும் வாடகைக்கு எடுப்பது என்பது உங்கள் திட்டம். காரணமாக நீங்கள் எழுதியிருப்பது ஒரே வரி: "ஒரு ஆளுக்குத் தனிப்பயிற்சி தர 42,000 ரூபாய் கேட்பது பகல் கொள்ளை." அதற்கு ஆதாரமாக ஒரு ரசீதின் நகலையும் இணைத்திருக்கிறீர்கள். பெயர் மட்டும் கறுப்பு மையால் மறைக்கப்பட்டிருக்கிறது.

அந்த ரசீது என்னுடையது. மன்றத்தின் காப்பீட்டுப் படிவத்துக்காகப் பொருளாளரிடம் நான் கொடுத்தது. கொள்ளைபோனவள் என்று என்னை நிறுத்தியிருக்கிறீர்கள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் அந்தப் பணத்தை ஏன் கொடுத்தேன் என்று சொல்லியிருப்பேன். இப்போது எல்லோருக்கும் தெரியும்படி சொல்கிறேன்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் நம் மன்றமே ஏற்பாடு செய்த ஒரு குழுப் பயிற்சிக்கு நானும் போனேன். ஊரையும் நடத்தியவர்களையும் இங்கே சொல்லப்போவதில்லை. கட்டணம் 17,000 ரூபாய். எட்டு மாணவர்கள், ஒரு பயிற்றுநர், ஒரு உதவியாளர். விதிமீறல் எதுவும் இல்லை; ஸ்கூபா சான்றிதழ் தரும் சர்வதேச அமைப்பான பி.ஏ.டி.ஐ.யின் பாடத்திட்டம் கடலில் ஒரு பயிற்றுநருக்கு அதிகபட்சம் எட்டு மாணவர்களை அனுமதிக்கிறது. நான் வரிசையில் ஏழாவது ஆள். நங்கூரக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒருவர் பின் ஒருவராக இறங்கினோம். மூன்று மீட்டர்கூட இறங்கியிருக்க மாட்டோம், இடது காதில் ஊசி குத்துவதுபோல் வலித்தது. மூக்கைப் பிடித்து ஊதினேன், காது திறக்கவில்லை. கையைக் காதருகே கொண்டுபோய்ப் பிரச்சினை என்று சைகை காட்டினேன். பயிற்றுநரின் முதுகுதான் எனக்குத் தெரிந்தது. அவர் முன்னால் போன ஒருவரின் கழன்ற துடுப்பை மாட்டிக்கொண்டிருந்தார். எனக்குப் பின்னால் வந்தவரின் கால் என் தோளில் பட்டது. வரிசையை நிறுத்தக் கூடாது என்ற கூச்சத்தில் இறங்கிக்கொண்டே போனேன்.

திடீரென்று வலி நின்றது. நல்லது என்று நினைத்தேன். செவிப்பறை கிழிந்ததால் நின்ற வலி அது என்று பிறகு மருத்துவர் சொன்னார். உள்ளே தண்ணீர் புகுந்ததும் தலை சுற்றியது. மேல் எது, கீழ் எது என்று தெரியவில்லை. முகக்கண்ணாடிக்குள் நீர் ஏறி மூக்கை எரித்தது. வாயால் மட்டும் மூச்சுவிட வேண்டும், எக்காரணம் கொண்டும் மூச்சை அடக்கக் கூடாது என்று முந்தைய நாள்தான் வகுப்பில் எழுதிக்கொண்டிருந்தேன். அதெல்லாம் அந்த நொடியில் என்னிடம் இல்லை. வெளிச்சம் தெரிந்த பக்கம் பார்த்து, மூச்சைக் கெட்டியாக அடக்கிக்கொண்டு, உதைத்துக் கிளம்பிவிட்டேன்.

உதவியாளர் என் கணுக்காலைப் பிடித்துவிட்டார். அடிவயிற்றில் உள்ளங்கையால் அழுத்தி என்னை மூச்சுவிட வைத்தார். அதனால்தான் இந்த மடலை எழுதுகிறேன். பத்து மீட்டர் ஆழத்தில் மொத்த அழுத்தம் நீர்மட்டத்தில் இருப்பதைப் போல் இரு மடங்கு. அங்கே நெஞ்சு நிறைய இழுத்த காற்றை அடக்கிக்கொண்டு மேலே வந்தால், நீர்மட்டத்தை எட்டும்போது அது இரு மடங்காக விரிய வேண்டும். நுரையீரலில் அதற்கு இடமில்லை. நீச்சல்குளத்தின் ஆழமே நுரையீரலைக் கிழிக்கப் போதும் என்று ஸ்கூபா பாடப்புத்தகங்கள் தொடக்கத்திலேயே எச்சரிக்கின்றன. அன்று அந்த உதவியாளர் ஒரு கை தூரம் தள்ளி இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை உங்கள் கற்பனைக்கு விடாமல் சொல்லிவிடுகிறேன்: நான் செத்திருக்கலாம்.

அந்தப் பயிற்றுநர்மீது எனக்குக் கோபமில்லை. எட்டுப் பேரை ஒரே நேரத்தில் பார்க்க எந்த மனிதனுக்கும் கண்கள் போதாது. எட்டு என்பது தெளிந்த நீரில், அமைதியான நாளில் எட்டக்கூடிய உச்சவரம்பு; கடலின் நிலைமையைப் பார்த்து எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்ள வேண்டும் என்பதும் அதே விதியில் இருக்கிறது. மலிவுத் தொகுப்பில் அந்த உச்சவரம்புதான் அன்றாட வழக்கமாகிவிடுகிறது, ஏனென்றால் எட்டுப் பேர் இல்லாமல் அந்த விலை கட்டுப்படியாகாது.

நான் தூத்துக்குடியில் பிறந்தவள். எங்கள் ஊரில் முத்துக்குளிப்பு கடைசியாக 1961-இல் நடந்தது. நான் அதைப் பார்த்ததில்லை, பாட்டி சொல்லக் கேட்டதுதான். கல்லில் காலை ஊன்றிக் குளிக்க இறங்குபவனின் கயிற்றைத் தோணியில் இருந்து பிடிப்பவன் பெரும்பாலும் அவனுடைய மைத்துனனாகத்தான் இருப்பான் என்பாள். கூடப் பிறந்தவளின் தாலி அந்தக் கயிற்றில் இருப்பதால் அவன் கண்ணை வேறு பக்கம் திருப்ப மாட்டானாம். இறங்குகிறவன் ஒருவன், மேலே கயிறு பிடிக்கிறவன் ஒருவன். எட்டுக் கயிற்றை ஒரே கையில் பிடித்துக்கொண்டு கூலியை மிச்சப்படுத்தலாம் என்று அந்தக் காலத்துச் சம்மாட்டி, அதாவது தோணி உரிமையாளர், யாரும் கணக்குப் போடவில்லை.

பெரியப்பா தெரஸ்புரத்தில் சங்கு குளித்தவர். பிற்பாடு படகில் கம்ப்ரசரை வைத்து ரப்பர் குழாயில் காற்றை இழுத்துக்கொண்டு இறங்கும் பழக்கம் வந்தபோது அவரும் அப்படியே இறங்கினார். ஆழத்தில் இருந்து எப்படி ஏற வேண்டும், ஒரு நாளில் எத்தனை முறை இறங்கலாம் என்று அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை. சங்கு நிறையக் கிடைத்த நாளில் நிறைய முறை இறங்கினார். மூட்டு வலிக்குத் தைலம் தேய்த்தபடியே நாற்பத்தைந்து வயதில் கைத்தடி பிடித்தார். ரத்தத்தில் கரைந்த நைட்ரஜன் குமிழியாவதால் வரும் நோய் அது என்பதை, அவர் இறந்து பத்து ஆண்டுகள் கழித்து ஸ்கூபா பாடப்புத்தகத்தில் நான் படித்துத் தெரிந்துகொண்டேன். கடலுக்கு அடியில் கற்றுக்கொடுக்கும் ஆள் ஒருவர் இருப்பதும் இல்லாததும் எவ்வளவு பெரிய வித்தியாசம் என்பதை நான் வீட்டிலேயே பார்த்தவள்.

காது ஆற மூன்று மாதங்கள் ஆயின. மருத்துவச் செலவு 11,000 ரூபாய். பயம் ஆற அதைவிட நீண்ட காலம் பிடித்தது. அரசு உதவிபெறும் பள்ளியில் கணக்கு ஆசிரியை நான். 42,000 ரூபாய் எனக்குச் சில்லறைப் பணம் இல்லை. பதினான்கு மாதம் சேர்த்தேன். சேர்த்துக்கொண்டு புதுச்சேரி மையத்துக்குப் போய், எனக்கு மட்டும் ஒரு பயிற்றுநர் வேண்டும் என்று நான்தான் கேட்டேன். அவர்கள் என்மீது திணிக்கவில்லை. சொல்லப்போனால், நால்வர் குழுவில் சேர்ந்தால் 28,000 ரூபாயில் முடியுமே என்றுதான் முதலில் சொன்னார்கள்.

பயிற்றுநர் பக்கத்துக் குப்பத்தைச் சேர்ந்தவர், என் மாணவர்களில் மூத்தவன் வயதுதான் இருக்கும். என்னை 'டீச்சர்' என்றுதான் அழைப்பார். முதல் நாள் நீச்சல்குளத்தில் இடுப்பளவு தண்ணீரில் நிற்கவைத்து இரண்டு மணி நேரம் காதையும் முகக்கண்ணாடியையும் தவிர வேறு எதையும் அவர் தொடவில்லை. கண்ணாடியில் கால் பங்கு தண்ணீர், பிறகு பாதி, பிறகு முழுதாகக் கழற்றி மீண்டும் மாட்டுவது. ஒவ்வொரு முறையும் என் கண்ணைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் சேர்த்துச் 'சரி' என்று காட்டினாலும், "இல்லை டீச்சர், உங்கள் கண் சரியில்லை என்கிறது, இன்னொரு முறை" என்பார். கடலுக்குப் போன பிறகு கயிற்றில் அரை மீட்டர் அரை மீட்டராக இறங்கினோம். ஆறு மீட்டரை எட்ட பதினோரு நிமிடம் ஆனது. குழுவில் யாரும் எனக்காகப் பதினோரு நிமிடம் காத்திருக்க மாட்டார்கள், காத்திருக்கச் சொல்லவும் முடியாது. காற்று தீர்ந்துகொண்டே இருக்கும்.

நான்காம் நாள் விடியற்காலையில் தேங்காய்த்திட்டு முகத்துவாரத்தைத் தாண்டி முக்கால் மணி நேரம் போன பிறகு அவர் தலையை மட்டும் நீருக்குள் விட்டுப் பார்த்தார். எங்கள் ஊரில் நீவாடு என்று சொல்லும் நீரோட்டம் இழுத்துக்கொண்டிருந்தது. கலங்கலில் நீட்டிய கை தெரியவில்லை. படகைத் திருப்பச் சொல்லிவிட்டார். டீசல் போனது, படகுக்காரரின் கூலி போனது, அவருடைய ஒரு நாள் போனது. மறுநாள் மீண்டும் அழைத்துப்போனார்கள். நீங்கள் இணைத்திருக்கும் ரசீதைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள்: அந்த வீணான நாளுக்கு அதில் ஒரு ரூபாயும் ஏற்றப்படவில்லை.

இனி கணக்கு. அது என் தொழில் என்பதால் மையத்தின் உரிமையாளரிடம் நேரடியாகவே கேட்டேன். நோட்டைத் திறந்து காட்டினார். என் 42,000 ரூபாயில் பாடநூலுக்கும் சான்றிதழுக்கும் வெளிநாட்டு அமைப்புக்குப் போனது 9,500. நீச்சல்குள வாடகை 4,500. படகில் என் பங்கு 7,000. பயிற்றுநரின் ஐந்து நாள் ஊதியம் 12,500. ரெகுலேட்டர் என்னும் மூச்சுக்கருவியின் பராமரிப்பு, கம்ப்ரசர் வடிகட்டி, சிலிண்டர் நிரப்பும் செலவு என 3,000. இவற்றின் கூட்டுத்தொகை 36,500. மீதி 5,500 ரூபாயில்தான் வரி, கடை வாடகை, மின்கட்டணம், காப்பீடு எல்லாம். கொள்ளையடித்த பணம் எங்கே ஒளிந்திருக்கிறது என்று இந்த எண்களில் நீங்கள் காட்டினால் நான் ஒப்புக்கொள்கிறேன்.

இன்னொரு கோணமும் இருக்கிறது. அதே பயிற்றுநர் அதே நாட்களில் நால்வர் குழுவை எடுத்திருந்தால் மையத்துக்கு வரவு 1,12,000 ரூபாய். நால்வருக்கான செலவும் கூடும் என்பது உண்மைதான். ஆனால் கூடுவது படகில் இடமும் பாடநூலும் காற்றும்தான், பயிற்றுநரின் ஊதியமோ குளத்து வாடகையோ நான்கு மடங்காகப் போவதில்லை. எனக்காக ஒரு பயிற்றுநரை ஒதுக்கியதில் 70,000 ரூபாய் வரவை விட்டுக்கொடுத்தார்கள். தனிப்பயிற்சி அவர்களுக்கு லாபமான சரக்கு என்று நினைத்துத்தான் 'கொள்ளை' என்று எழுதினீர்கள் என்றால், தலைகீழாகப் படித்திருக்கிறீர்கள்.

இந்த வருமானமும் பன்னிரண்டு மாதத்துக்கு இல்லை. அக்டோபர் நடுவில் வாடைக்காற்று தொடங்கினால் ஆண்டின் கடைசி வரை கடல் அவர்களுக்கு மூடிக்கிடக்கும். அந்த மாதங்களில் யாரும் வர மாட்டார்கள், வந்தாலும் அழைத்துப்போக முடியாது. வாடகையும் சம்பளமும் நிற்பதில்லை. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தபோது ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. மறு வாரம் நான் போய்ப் பார்த்தேன். கடைக்குள் முழங்கால் அளவு தண்ணீர் நின்று வடிந்த கோடு சுவரில் இருந்தது. கம்ப்ரசரின் மோட்டாரைக் கழற்றித் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்கள். நம் மன்றத்தில் இருந்து அவர்களுக்கு அந்த மாதம் போன ஒரே செய்தி, பிப்ரவரி பயணத்துக்கு எவ்வளவு தள்ளுபடி தருவீர்கள் என்பது. அதை அனுப்பியவர்கள் யார் என்று உங்களுக்குத் தெரியும்.

வெளிநாட்டுத் தொகுப்பு மலிவு என்பதை நான் மறுக்கவில்லை. தாய்லாந்தின் கோ தாவ் போன்ற தீவுகளில் ஸ்கூபா பயிற்சிதான் ஊரின் பெரும்பிழைப்பு. கரையில் இருந்து சிறிது தூரத்திலேயே ஆழமும் பவளப்பாறையும் கிடைக்கின்றன. ஒரு படகில் பல குழுக்கள் போகின்றன. அந்த அளவில் நடத்தினால் விலை இறங்கத்தான் செய்யும். ஆனால் அங்கே நான்கு நாளில் கற்றுக்கொண்டு வருகிற 22 பேரும் அதன்பிறகு மூழ்கப்போவது எங்கே? புதுச்சேரியில். இங்கே தெளிவான நாளில் பதினைந்து மீட்டர் தூரம் தெரியும், கலங்கிய நாளில் மூன்று மீட்டர். இறங்கும் கயிற்றைத் தவறவிட்டால் தரை தெரியாது, படகின் அடிப்பாகமும் தெரியாது. நீச்சல்குளம்போன்ற நீரில் கிடைத்த சான்றிதழை வைத்து 18 மீட்டர் வரை போகலாம். அந்த 18 மீட்டர் எந்தக் கடலின் 18 மீட்டர் என்று அதில் எழுதியிருக்காது. நாம் மூழ்கப்போகும் தண்ணீரில், அந்தத் தண்ணீரின் குணம் அறிந்தவரிடம் கற்றுக்கொள்வதற்குத்தான் கூடுதல் பணம்.

சுற்றறிக்கையின் மூன்றாம் பத்தியில், நம் உறுப்பினர்கள் இருவர் கொண்டுபோன பழைய சிலிண்டர்களில் காற்று நிரப்ப மையம் மறுத்துவிட்டது என்றும், இது 'அகம்பாவம்' என்றும் எழுதியிருக்கிறீர்கள். அந்த இடத்தில் நானும் இருந்தேன். இரண்டு சிலிண்டர்களிலும் நீரழுத்தச் சோதனையின் தேதி முத்திரை காலாவதியாகியிருந்தது. ஒன்றின் கழுத்தருகே துருவைப் போல் வெண்மையான அரிப்பு. பதினொரு லிட்டர் கொள்ளளவுள்ள அலுமினிய உருளைக்குள் 200 பார், அதாவது சாதாரணக் காற்றழுத்தத்தைப் போல் ஏறக்குறைய 200 மடங்கு அழுத்தத்தில் 2,200 லிட்டர் காற்றை அடைக்கிறார்கள். உருளை தாங்காவிட்டால் அது வெடிகுண்டு. நிரப்பும் பையன்தான் அதன் பக்கத்தில் நிற்பவன், உரிமையாளர்கூட இல்லை. அந்தப் பையனின் உயிரை நம் இரண்டு உறுப்பினர்களின் வசதிக்காகப் பணயம் வைக்க மறுத்ததற்கு அகம்பாவம் என்ற சொல் பொருந்தாது. அந்த வரியை எழுதியவர் ஆசிரியராக இருந்திருந்தால் சிவப்பு மையால் அடித்திருப்பார்.

பொருட்களை இணையத்தில் வாங்கிக்கொள்ளுங்கள், கடையில் வாங்காதீர்கள் என்ற உங்கள் அறிவுரையிலும் எனக்குச் சொல்ல ஒன்று இருக்கிறது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் நம்மில் மூன்று பேர் அந்தக் கடையில் உட்கார்ந்து பதினொரு முகக்கண்ணாடிகளை முகத்தில் வைத்துப் பார்த்தோம். ஒவ்வொன்றையும் பட்டியைப் போடாமல் முகத்தில் ஒட்டி, மூக்கால் இழுத்தால் கீழே விழாமல் நிற்கிறதா என்று ஒரு மணி நேரம் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார்கள். எங்களுக்குப் பொருந்துவது எது என்று தெரிந்ததும் அதன் பெயரைக் குறித்துக்கொண்டு வெளியே வந்து, 900 ரூபாய் குறைவாக இணையத்தில் வாங்கினோம். அந்த மூவரில் நானும் ஒருத்தி. அதற்காக இன்றுவரை வெட்கப்படுகிறேன். அடுத்த முறை போனபோது அந்தக் கண்ணாடியை என் கையில் பார்த்தும் அவர்கள் ஒன்றும் கேட்கவில்லை. உள்ளே படிந்திருந்த தொழிற்சாலைப் படலத்தைப் பற்பசையால் தேய்த்துக் கொடுத்தார்கள், இல்லாவிட்டால் நீருக்குள் பனிமூடும் என்று.

ஒரு நிகழ்ச்சியைச் சொல்ல வேண்டும். சென்ற ஆண்டு ஒரு சனிக்கிழமை நான் அங்கே இருந்தபோது காலை ஒன்பது மணிக்கு ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. கடலில் குளிக்க இறங்கிய இரண்டு கல்லூரிப் பையன்களை அலை இழுத்துக்கொண்டு போய்விட்டது. படகு ஏறத் தயாராக இருந்த ஆறு பேரிடம் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, மையத்தின் நான்கு பேர் சிலிண்டர்களைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அன்று முழுதும் தேடினார்கள். மறுநாளும் தேடினார்கள். இரண்டாம் நாள் மாலையில் ஒரு பையனைத்தான் கொண்டுவர முடிந்தது. என் பயிற்றுநர்தான் கொண்டுவந்தார். கரையில் அந்தத் தாய் அவர் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. இதற்கு யாரும் அவர்களுக்குப் பணம் கொடுக்கவில்லை. அவர்கள் கேட்கவும் இல்லை. கடலடிப் பாறைகளில் சிக்கிக்கிடக்கும் அறுந்த வலைகளை அவர்கள் வெட்டி எடுப்பதையும், மீனவர்கள் தொலைத்த நங்கூரத்தைத் தேடிக்கொடுப்பதையும் நீங்களே புகைப்படம் எடுத்து மன்றத்தின் ஆண்டு மலரில் போட்டிருக்கிறீர்கள். அந்தப் படங்களுக்கு அடியில் அவர்களுடைய கட்டண விவரத்தைப் போடத் தோன்றவில்லை.

அந்தக் கடை மூடினால், அடுத்த முறை அந்தத் தொலைபேசி அழைப்பு யாருக்குப் போகும்? தாய்லாந்துக்கா?

மையத்தின்மேல் எனக்குக் குறையே இல்லை என்று சொல்லவில்லை. ரசீதில் 'பயிற்சிக் கட்டணம்' என்று ஒற்றை வரியில் எழுதிக்கொடுத்ததால்தான் நீங்கள் அதைக் கொள்ளை என்று காட்ட முடிந்தது. எனக்கு நோட்டைத் திறந்து காட்டியதை எல்லோருக்கும் தெரியும்படி பலகையில் எழுதிவைக்க வேண்டும் என்று அவர்களிடம் நேரில் சொல்லியிருக்கிறேன். முன்பணத்தைத் திருப்பித் தருவதில் இரண்டு முறை தாமதம் செய்தார்கள், அதையும் சொல்லியிருக்கிறேன். தனிப்பயிற்சி என்னைப் போல் பதினான்கு மாதம் சேர்ப்பவருக்கும் கடினம், சேர்க்கவே முடியாதவருக்கு எட்டாக்கனி என்பதும் உண்மை. ஆனால் அதற்கு வழி, கற்றுக்கொடுப்பவனின் கூலியைக் குறைப்பது ஆகாது. நம் மன்றத்தின் வங்கிக் கணக்கில் நான்கரை லட்சம் ரூபாய் சும்மா இருக்கிறது. ஆண்டு விழா விருந்துக்கு மட்டும் சென்ற முறை எவ்வளவு செலவழித்தோம் என்பதைப் பொருளாளர் அறிவார்.

ஆகவே, வரும் பொதுக்குழுவுக்கு முன் கீழ்க்கண்டவற்றைச் செய்யுமாறு கேட்கிறேன்.

சுற்றறிக்கையைத் திரும்பப் பெறுங்கள். 'கொள்ளை', 'அகம்பாவம்' ஆகிய இரு சொற்களுக்காகவும் அந்த மையத்தின் ஊழியர்களிடம் எழுத்தில் வருத்தம் தெரிவியுங்கள். உரிமையாளருக்கு மட்டும் எழுதினால் போதாது. சிலிண்டர் நிரப்பும் அந்தப் பையனின் பெயரும் மடலில் இருக்க வேண்டும்.

22 பேரின் பயிற்சியை வெளிநாட்டுத் தொகுப்பில் இருந்து மாற்றி, பிப்ரவரி தொடங்கி ஜூன் வரை நான்கு நான்கு பேராக இங்கேயே நடத்துங்கள். மன்றம் ஏற்பாடு செய்யும் எந்தப் பயிற்சியிலும், அது எந்த ஊரில் நடந்தாலும், ஒரு பயிற்றுநருக்கு நான்கு பேருக்கு மேல் கூடாது என்று நம் விதிகளில் சேருங்கள். என் காதுக்குப் பிறகாவது அந்த விதி வந்திருக்க வேண்டும்.

தண்ணீருக்குப் பயந்தவர்கள், ஐம்பதைத் தாண்டியவர்கள், காதில் சிக்கல் உள்ளவர்கள் ஆகியோருக்குத் தனிப்பயிற்சியோ இருவர் பயிற்சியோ தேவைப்பட்டால், கட்டணத்தின் கூடுதல் பகுதியில் பாதியை மன்ற நிதியில் இருந்து கொடுங்கள். என் விஷயத்தில் கூடுதல் என்பது 14,000 ரூபாய். மன்றத்தின் பங்கு 7,000 ஆகியிருக்கும். ஆண்டுக்குப் பத்துப் பேர் என்றாலும் 70,000 ரூபாய்தான்.

பிப்ரவரிப் பயணத்துக்கான பணத்தில் பாதியை நவம்பர் முதல் வாரத்திலேயே முன்பணமாகக் கட்டுங்கள். கடல் மூடியிருக்கும் மாதங்களில் அவர்களுக்கு அது சம்பளப் பணம். கடல் சரியில்லை என்று அவர்கள் படகைத் திருப்பும் நாளில் டீசல் செலவை மன்றம் ஏற்கட்டும். பணத்தை நினைத்துக்கொண்டு எந்தப் பயிற்றுநரும் நம்மைக் கலங்கலில் இறக்கிவிடும் நிலை வரக் கூடாது. சோதனை முத்திரை காலாவதியான சிலிண்டரை மன்றத்தின் பெயரில் யாரும் எந்தக் கடைக்கும் கொண்டுபோகக் கூடாது என்று அறிவியுங்கள்.

கடைசியாக என் ரசீது. அதை அந்தச் சுற்றறிக்கையில் இருந்து நீக்குங்கள். நீக்க மனமில்லை என்றால், என் பெயர்மேல் பூசிய கறுப்பு மையை எடுத்துவிட்டு, அதன் கீழே இந்த மடலை முழுதாக இணைத்து, அதே 140 உறுப்பினர்களுக்கும் மீண்டும் அனுப்புங்கள்.

இப்படிக்கு,
அந்த 42,000 ரூபாயைக் கட்டிய உறுப்பினர்
சென்னை